மாட்டைப் பறிகொடுத்தவர்

அன்புள்ள ஐயா,

நமீபியா போவதற்காக நிறையப் படித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே கிராம மக்களே வனவிலங்குகளைக் காக்கிறார்கள் என்று எல்லோரும் புகழ்கிறார்கள். அதே கிராமங்கள்தான் வெளிநாட்டு வேட்டைக்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு யானையைச் சுடவும் விடுகின்றன. கொல்வது எப்படிப் பாதுகாப்பாகும்? காசைக் காட்டுவதைவிட அந்த மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டுவதுதானே சரி? எடோஷா பூங்காவுக்கு எந்த மாதம் போகலாம்?

கவிதா

அன்புள்ள கவிதா,

யானைக்காக நீங்கள் பதறுவது நல்ல மனம். அதை விட்டுவிடாதீர்கள். வேட்டை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த விலங்கில் எத்தனை என்பதற்கு அரசு வரம்பு வைக்கிறது. சுற்றுலா விடுதி எட்டிப்பார்க்காத ஊர்களும் அங்கே உண்டு. அவற்றுக்கு அந்தப் பணமும் இறைச்சியும்தான் வரவு. எனக்கும் துப்பாக்கி பிடிக்காது. ஆனால் நம் இருவரின் விருப்பத்தைக் கேட்டு அவர்கள் வாழவேண்டியதில்லை.

விழிப்புணர்வு ஊட்டவேண்டும் என்கிறீர்களே, எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். யாருக்கு ஊட்டப்போகிறீர்கள்?

1980களின் தொடக்கத்தில் வடமேற்கு நமீபியாவின் காவோகோவெல்ட் பகுதியில் கடும் வறட்சி. மாடுகள் கூட்டம்கூட்டமாகச் செத்தன. தந்தத்துக்கும் காண்டாமிருகக் கொம்புக்கும் கண்மூடித்தனமான வேட்டை. ஊர்க்காரர்களும் அதில் இருந்தார்கள். அப்போது நாட்டை ஆண்ட தென்னாப்பிரிக்காவின் அதிகாரிகளும் ராணுவத்தினரும் இருந்தார்கள். கார்த் ஓவன்-ஸ்மித் என்ற பாதுகாவலர் நேராக ஊர்த் தலைவர்களிடம் போய்ப் பேசினார். விலங்குகள் அழிவதில் அவர்களுக்கும் வருத்தம் இருந்தது. அதுவரை யாரும் அவர்களைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். தலைவர்களே தங்கள் ஆட்களில் சிலரைக் காவலர்களாகத் தேர்ந்தெடுத்தார்கள். சம்பளமாகச் சோள மாவும் கொஞ்சம் பணமும். நடப்பது, தடம் பார்ப்பது, தலைவரிடம் வந்து சொல்வது, இதுதான் வேலை. அவர்களில் சிலர் முன்பு வேட்டையாடியவர்கள். தடம் படிக்க அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

அப்புறம் சட்டத்தைப் பாருங்கள். வெள்ளைக்காரப் பண்ணையாளர்களுக்கு 1960களின் இறுதியிலிருந்தே தங்கள் நிலத்து விலங்குகள் மீது உரிமை இருந்தது. விற்கலாம், வேட்டைக்கு விடலாம். பொது நிலத்தில் வாழ்ந்த கறுப்பின மக்கள் அதே மானை அடித்தால் குற்றவாளிகள். 1990இல் விடுதலை. 1996இல் வந்த சட்டத்திருத்தம் வெள்ளையருக்கு இருந்த உரிமையை இவர்களுக்கும் நீட்டியது. அதற்கும் எத்தனை நிபந்தனைகள்! எல்லை வரையவேண்டும், உறுப்பினர் பட்டியல் வேண்டும், விதிமுறை எழுதவேண்டும், வரும் பலனை எப்படிப் பங்கிடுவோம் என்று காட்டவேண்டும். இப்படிப் பதிவுசெய்து ஊர் மக்களே விலங்குகளை நிர்வகிக்கும் பகுதிக்குக் கன்சர்வன்சி என்று பெயர். 1998இல் முதல் நான்கு கன்சர்வன்சிகள் பதிவாயின. இன்று 86; நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. காட்டின் மதிப்பு அங்கே திடீரென்று யாருக்கும் உறைத்துவிடவில்லை கவிதா. பறித்த உரிமை திரும்பி வந்தது.

இதை அப்படியே வெற்றிக் கதையாக்கி முடித்துவிடாதீர்கள். அதே வடமேற்கிலுள்ள குனேனேயில் ஒரு மூதாட்டியின் ஆட்டுப்பட்டியைப் பார்த்தேன். இரவில் சிங்கம் உள்ளே புகுந்து ஆடுகளைக் கொன்றுபோட்டிருந்தது. விடுதிப் பணம் கன்சர்வன்சிக் கமிட்டிக்குத்தானே போகிறது, சிங்கம் மட்டும் ஏன் என் வீடு தேடி வருகிறது என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆனால் ஒரு மாட்டுக்குத் தரும் தொகையில் இன்னொரு மாடு வாங்க முடியாது. சிங்கத்தைக் கண்காணித்து ஊரை முன்கூட்டியே எச்சரிக்கும் உள்ளூர்க் குழுக்கள் இருக்கின்றன, பட்டிகளை உயர்த்திப் பலப்படுத்துகிறார்கள். நல்ல வேலைதான், போதவில்லை. 2020இல் கொரோனாவால் சுற்றுலா நின்றபோது காவலர்களின் சம்பளமே ஆட்டம் கண்டது. சிங்கம் நின்றதா?

ஐரோப்பாவிலிருந்தும் நம் ஊர்களிலிருந்தும் வரும் கண்டனங்களில் அந்த மூதாட்டி இருப்பதே இல்லை. உங்கள் கடிதத்திலும் இல்லை. சுடப்பட்ட யானைக்காக அழுகிறீர்கள், சரி, அழுங்கள். பட்டியில் செத்துக் கிடந்த ஆடுகளுக்கு யார் பொறுப்பு என்று ஒரு வரி கேட்டிருக்கலாமே!

போய் வாருங்கள். எடோஷாவுக்கு ஜூலை முதல் அக்டோபர் வரை நல்லது; வறண்ட காலம் என்பதால் விலங்குகள் நீர்நிலைகளுக்கு வரும். அங்கிருந்து மேற்கே தாமரலாந்துப் பக்கமும் இறங்கி, கன்சர்வன்சிக்குப் பங்குள்ள விடுதி ஒன்றில் தங்குங்கள். அறை வாடகையில் ஊருக்கு எவ்வளவு போகிறது, மாட்டை இழந்தவருக்கு அதில் ஏதாவது போகிறதா என்று கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.