புதைபடிவ ஆய்வையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டால் சலித்துப் போகாதா?

புவியியல் படித்துவிட்டு 35 வருடம் இதே வேலையில் இருந்தவன் நான். பாதி நேரம் ஆய்வுக்கூடம், பாதி நேரம் வகுப்பறை. எனக்குச் சலிக்கவே இல்லை.

"டைனோசர் எலும்பு தோண்டினீர்களா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். இல்லை. நான் பார்த்ததெல்லாம் ஃபோராமினிஃபெரா. கடலில் வாழும் ஒருசெல் உயிர். பெரும்பாலானவை 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. அது செத்ததும் சுண்ணாம்பு ஓடு மட்டும் கடலடிச் சேற்றில் படியும். அந்தச் சேறு இறுகிய களிமண் பாறையை ஊறவைத்து, 0.063 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் அலசி, மிஞ்சியதை உலர்த்தி, கறுப்புத் தட்டில் பரப்பி மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைப்போம். ஒன்று நத்தை மாதிரி சுருண்டிருக்கும், இன்னொன்று நாலைந்து குமிழ்களை ஒட்டவைத்த மாதிரி இருக்கும். நுனியை ஈரமாக்கிய தூரிகையால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். பெருமூச்சு விட்டால் அரைநாள் உழைப்பு பறந்துவிடும்.

இத்தனூண்டு ஓட்டால் என்ன பயன்? இத்தாலியில் குப்பியோ ஊருக்கு அருகே சுண்ணாம்புப் பாறைக்கு நடுவே சுமார் 1 செ.மீ. தடிமனில் ஒரு களிமண் அடுக்கு ஓடுகிறது. அதற்குக் கீழே பெரிய ஃபோராமினிஃபெராக்கள் நிறைய. மேலே அவை அநேகமாகக் காணோம். மிகச் சிறிய சில மட்டும் மிச்சம். இந்த மாற்றம்தான் புவியியலாளர் வால்டர் ஆல்வரெஸை உறுத்தியது. அந்தக் களிமண் படிய எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று தெரிந்துகொள்ள, இயற்பியலாளரான தந்தை லூயிஸ் ஆல்வரெஸோடு சேர்ந்து அதிலிருந்த இரிடியத்தை அளக்க ஏற்பாடு செய்தார். பூமியின் மேற்பரப்பில் மிக அரிதாகவும் விண்கற்களில் அதிகமாகவும் இருக்கும் உலோகம் அது; விண்தூசியோடு கொஞ்சம் கொஞ்சமாகப் படியும். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு இருந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதியது என்ற கருத்து 1980இல் வெளிவந்தது அப்படித்தான். டைனோசர்களின் முடிவைப் பற்றிய துப்பு, கண்ணுக்குத் தெரியாத ஓட்டிலிருந்து கிடைத்தது! இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

நான் செய்த பெரிய தப்பையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சரிவின் அடியில் உள்ளங்கை அளவு அம்மோனைட் கிடைத்தது. சுருள் ஓட்டோடு கடலில் வாழ்ந்து அழிந்துபோன உயிரினத்தின் புதைபடிவம் அது. வரிவரியான மேடுகள், நடுச்சுழி வரை உடையாமல் இருந்தது. சந்தோஷத்தில் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். எந்த அடுக்கிலிருந்து உதிர்ந்தது என்று தேடவும் இல்லை, குறிக்கவும் இல்லை. 1815இல் வில்லியம் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் இங்கிலாந்தின் புவியியல் வரைபடத்தை வெளியிட முடிந்ததே, ஒவ்வொரு அடுக்குக்கும் உரிய புதைபடிவங்களை வைத்து அதை அடையாளம் காணலாம் என்று கண்டுகொண்டதால்தான். அடுக்கு தெரியாமல் போனதால், என் கல்லை ஆய்வில் சேர்க்கவே முடியவில்லை. அன்றிலிருந்து, நோட்டில் எழுதாமல் ஒரு கல்லைக்கூடத் தொட்டதில்லை.

அந்த அம்மோனைட்டை வகுப்பறைக்கு எடுத்துப்போனேன். பெயரும் வயதும் சொல்லாமல் முதலில் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவேன். "கனமா இருக்கே", "இது நத்தையா?" என்று அவர்களாகவே ஆரம்பிப்பார்கள். ஒரு சிறுமி கேட்டாள்: "செத்துப்போய் கல்லாச்சா, கல்லானதால செத்துப்போச்சா?" அந்த ஒரு கேள்விக்கே முழுப் பாடவேளையும் போனது. செத்த உடல் கடலடிக்குப் போவது, சேறு சீக்கிரம் மூடினால்தான் தப்பிப்பது, சதை அழுகி ஓடு மட்டும் மிஞ்சுவது, ஓட்டுக்குள் சேறு புகுந்து இறுகுவது, நிலத்தடி நீரில் கரைந்து வந்த தாதுக்கள் மிச்ச இடத்தை நிரப்புவது, எல்லாவற்றையும் அவர்களிடமே கேட்டுக் கேட்டு வரவழைத்தேன். பாடத்தை வரிசையாக ஒப்பித்திருந்தால் அதில் கால்வாசிகூட மனதில் நின்றிருக்காது.

ஓய்வு பெற்ற பிறகும் கூப்பிட்ட பள்ளிகளுக்கு அதே கல்லோடுதான் போகிறேன். இத்தனை பிள்ளைகளின் விரல் பட்டு, அதன் மேடுகள் ஒரு பக்கம் வழவழப்பாகிவிட்டன.