‘ஹப்போன்’: ஸ்பெயின் ஆற்றங்கரை ஊரொன்றின் அபூர்வக் குடும்பப்பெயர் குறித்த கேள்விகளும் பதில்களும்

செவீயா நகரத்துக்குத் தெற்கே, குவாதல்கிவிர் ஆற்றின் வலக்கரையில் இருக்கிறது கோரியா தெல் ரியோ. சுமார் முப்பதாயிரம் பேர் வாழும் அந்த ஊரில் பலரின் குடும்பப்பெயர் ‘ஹப்போன்’. ஸ்பானிய மொழியில் ஜப்பான் நாட்டைக் குறிக்கும் சொல்லும் அதுவே. அந்தப் பெயரின் தோற்றத்தையும் பரவலையும் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: இந்தப் பெயர் எந்த அளவுக்கு அபூர்வமானது, ஐயா?

ஸ்பெயினில் மிகப் பரவலான பெயர் கர்சீயா. அங்கே ஒருவருக்குத் தந்தைவழியில் ஒன்றும் தாய்வழியில் ஒன்றுமாக இரண்டு குடும்பப்பெயர்கள் உண்டு; கர்சீயாவை முதல் குடும்பப்பெயராகக் கொண்டவர்கள் மட்டும் 14 லட்சத்துக்கும் மேல். ஹப்போன் பெயருடையோர் கோரியாவிலும் அதைச் சுற்றியும் 600 முதல் 700 பேர் வரை இருப்பதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. எண்ணிக்கை குறைவு என்பதைவிட, அந்தக் குறைந்த எண்ணிக்கையும் ஒரே ஊரைச் சுற்றிக் குவிந்திருப்பதுதான் கவனிக்கத்தக்கது. ஒரு பெயர் பல இடங்களில் தனித்தனியாகத் தோன்றியிருந்தால் வரைபடத்தில் சிதறித் தெரியும். ஒரே மையத்தில் அடர்ந்து, விலகிச் செல்லச் செல்ல மெலிந்தால், அது ஓரிடத்தில், ஒன்றிரண்டு குடும்பங்களிலிருந்து கிளைத்திருக்கக்கூடும் என்று கருத இடம் கிடைக்கிறது.

கேள்வி: ஜப்பான் என்ற பெயர் ஸ்பெயினின் ஆற்றங்கரை ஊருக்கு எப்படி வந்தது?

வடகிழக்கு ஜப்பானில் செந்தாய் பகுதியை ஆண்ட தாதே மாசமுனே, மெக்சிகோவோடு நேரடி வணிகத்தை விரும்பினார். அப்போது மெக்சிகோ ஸ்பானிய அரசின் கீழ் இருந்ததால், மன்னரிடமும் திருத்தந்தையிடமும் (போப்பிடமும்) பேசுவதற்காக ஹாசெகுரா சுனெநாகா என்ற தம் வீரரைத் தூதராக அனுப்பினார். தூதுக்குழுவின் யோசனைக்குப் பின்னால் இருந்தவர் லூயிஸ் சோதேலோ என்ற பிரான்சிஸ்கன் துறவி. அவர் செவீயாவில் பிறந்தவர் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குழு எந்த வழியாக ஸ்பெயினுக்குள் நுழைந்தது என்பதோடு அதற்குத் தொடர்பு உண்டு.

1613 அக்டோபர் 28ஆம் நாள், ஜப்பானில் கட்டப்பட்ட சான் ஹுவான் பாவுத்திஸ்தா என்ற கப்பலில் ஏறத்தாழ 180 பேர் புறப்பட்டார்கள். 1614 ஜனவரியில் அகபுல்கோவை அடைந்தார்கள். ஜப்பானியரில் பெரும்பாலோர் மெக்சிகோவிலேயே நிற்க, சுமார் முப்பது பேர் மட்டும் தரைவழியாக வேராகுருஸ் சென்று, ஹவானா வழியாக அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் தொடக்கத்தில் சான்லூக்கார் தெ பார்ராமெதா துறைமுகத்தில் இறங்கினார்கள். அப்பகுதியின் பெருநிலக்கிழாரான மெதினா சிதோனியா பிரபு ஏற்பாடு செய்த படகுகளில் ஆற்றுவழியாக மேலேறிக் கோரியாவில் தங்கி, செவீயா நகரம் முறையான வரவேற்புக்குத் தயாராகும்வரை காத்திருந்து, அக்டோபர் பிற்பகுதியில் நகருக்குள் நுழைந்தார்கள். மாசமுனே செவீயா நகருக்கு எழுதிய கடிதம் இன்றும் அந்நகராட்சியின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

பிறகு மாட்ரிட். 1615 ஜனவரியில் மூன்றாம் பிலிப் மன்னரைச் சந்தித்த ஹாசெகுரா, பிப்ரவரி 17ஆம் நாள் மன்னர் முன்னிலையில் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றார். நவம்பரில் ரோமில் திருத்தந்தை ஐந்தாம் பவுலைக் கண்டார். மீண்டும் செவீயாப் பகுதிக்குத் திரும்பி, மன்னரின் மறுமொழிக்காக நீண்ட நாள் காத்திருந்து, 1617 ஜூலையில் வெறுங்கையோடு கப்பலேறினார். குழுவில் சிலர் அவரோடு ஏறவில்லை. ஹப்போன் என்ற பெயரின் கதை அவர்களிடம் தொடங்குகிறது என்பதே பரவலான நம்பிக்கை.

கேள்வி: தூதராக வந்தவர்கள் ஏன் திரும்பிப் போகாமல் தங்க வேண்டும்?

அவர்கள் பயணத்தில் இருக்கும்போதே நாடு மாறிவிட்டது. 1614 தொடக்கத்தில் தொக்குகாவா இயேயாசுவின் ஆட்சி கிறித்தவத்தைத் தடைசெய்து, துறவிகளை வெளியேற்ற ஆணையிட்டது. ஸ்பெயினிலோ ரோமிலோ திருமுழுக்குப் பெற்ற ஒருவர் ஊர் திரும்பினால், நம்பிக்கையைக் கைவிட வேண்டும், அல்லது உயிரை. இது மிகைப்படுத்தல் இல்லை: அவர்களை அழைத்து வந்த சோதேலோ பின்னர் மறைவாக ஜப்பானுக்குள் நுழைந்து பிடிபட்டு, 1624இல் ஓமுராவில் உயிரோடு எரிக்கப்பட்டார்.

தங்கியவர்களின் வாழ்க்கை எளிதாக இருந்தது என்றும் எண்ண வேண்டாம். தோமாஸ் பெலிப்பே ஹப்போன் என்று ஆவணங்களில் குறிக்கப்படும் ஜப்பானியர் ஒருவர், எக்ஸ்திரெமதூரா பகுதியின் சாஃப்ரா ஊரில் ஒருவரிடம் ஊழியம் செய்தார். அந்த எசமானர் அவரை அடிமையாக்கிச் சூடு போட்டார். சுதந்திரத்தையும் ஊர் திரும்பும் அனுமதியையும் கேட்டு அவர் 1622இல் மனுச் செய்ய வேண்டியிருந்தது. குடும்பப்பெயரின் வரலாற்றைப் பெருமைக் கதையாக மட்டும் சொல்பவர்கள் இந்த மனுவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: சந்ததியினர் ‘ஹாசெகுரா’ போன்ற ஜப்பானியக் குடும்பப்பெயரை ஏன் வைத்துக்கொள்ளவில்லை?

பெயரைத் தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் அவர்கள் அல்லர், பதிவேட்டில் எழுதியவர்கள். திருமுழுக்கின்போது ஒருவருக்குக் கிறித்தவப் பெயர் கிடைத்தது. அதே பெயருள்ள பிறரிடமிருந்து பிரித்துக் காட்ட, வந்த இடத்தைச் சேர்த்து எழுதினார்கள். தோமாஸ் பெலிப்பே என்ற பெயரோடு ஹப்போன் ஒட்டியதும் அப்படித்தான். இது ஜப்பானியருக்கென்று வகுத்த தனி முறையும் அன்று. தொலேதோ, கோர்தோபா, செவீயா ஆகிய நகரங்களின் பெயர்களும், நவார்ரோ, அலெமான், பிரான்செஸ் எனப் பிறநாட்டாரையும் பிறபகுதியாரையும் சுட்டும் சொற்களும் இதே வழியில்தான் ஸ்பானியக் குடும்பப்பெயர்களாகின. ஹாசெகுரா என்ற பெயர் ஐரோப்பிய எழுத்தர்களுக்குப் பழக்கமில்லாதது. தூதரின் பெயரைப் ‘பாஷிகூரா’ என்பதற்கு நெருக்கமாகவே எழுதி வைத்தார்கள். நாட்டின் பெயரோ எல்லோருக்கும் புரிந்தது. பழைய பதிவுகளில் அது ‘எக்ஸ்’ எழுத்தில் தொடங்கும். இன்றைய எழுத்துமுறையில் அந்த இடத்தில் ‘ஜே’ எழுத்து வருகிறது. தேடுபவர்கள் இரண்டு வடிவங்களிலும் தேட வேண்டும்.

கேள்வி: தூதுக்குழுவில் வந்த இன்னாரின் மகன் இன்னார் என்று காட்டும் ஆவணம் உண்டா?

இல்லை. இந்தக் கதையில் நேர்மையாகச் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி இதுதான். கோரியாவின் சாந்தா மரியா தெ லா எஸ்திரெல்யா ஆலயத்தின் பதிவுகளில் இந்தப் பெயர் பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வாக்கில் தென்படத் தொடங்குகிறது. தூதுக்குழு புறப்பட்டதற்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ ஒரு தலைமுறை இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்பும் சங்கிலிக் கண்ணி கைக்கு அகப்படவில்லை.

ஆலயப் பதிவேட்டைக் கையாண்டவர்களுக்கு இதன் காரணம் விளங்கும். 1563இல் நிறைவுற்ற திரெந்து சங்கம் என்ற கத்தோலிக்கத் திருச்சபைப் பேரவை, திருமுழுக்கையும் திருமணத்தையும் பங்குதோறும், அதாவது ஒவ்வொரு ஆலய வட்டாரத்திலும், பதியச் சொன்னது. ஆனால் என்ன குடும்பப்பெயர் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஒரு திருமுழுக்குப் பதிவில் நாள், குருவின் பெயர், குழந்தையின் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், கீழே கையொப்பம் ஆகியவை சில வரிகளில் அடங்கிவிடும். குழந்தைக்குக் குடும்பப்பெயர் எழுதுவதே இல்லை என்பது பல இடங்களில் வழக்கம். அது வளர்ந்து திருமணம் செய்யும்போது தந்தையின் பெயரோடும் வரலாம், தாயின் பெயரோடும் வரலாம், பாட்டியின் பெயரோடும் வரலாம். உடன்பிறந்தவர்கள் வெவ்வேறு குடும்பப்பெயர்களோடு வாழ்ந்தது அக்காலத்தில் சாதாரணம். தந்தையின் பெயர், தாயின் பெயர் என்ற இரட்டைப் பெயர் முறை நாடு முழுவதும் நிலைபெற்றது 1870ஆம் ஆண்டின் குடிமைப் பதிவுச் சட்டத்துக்குப் பிறகுதான்.

ஆகவே நம்மிடம் இருப்பது சூழ்நிலைச் சான்று: ஜப்பானியர் அந்த ஊரில் தங்கினார்கள், சிலர் ஸ்பெயினில் நின்றுவிட்டார்கள், அந்நாட்டின் பெயரே சிலருக்கு அடைமொழியானது, ஏறத்தாழ ஒரு தலைமுறைக்குப் பின் அதே ஊரில் அது குடும்பப்பெயராக எழுகிறது. இதைவிடப் பொருத்தமான வேறு விளக்கத்தை எவரும் முன்வைத்து நான் பார்த்ததில்லை. அதனால் நான் இதை ஏற்கிறேன், ஆனால் நிறுவப்பட்ட வம்சாவளி என்று எழுத மாட்டேன்.

கேள்வி: ஸ்பெயினின் தேசியப் புள்ளியியல் நிறுவனம் குடும்பப்பெயர் வரைபடம் தருகிறதாமே? அதில் செவீயாவைத் தவிர வேறு மாகாணங்களிலும் இந்தப் பெயர் வருகிறது. அவர்களும் ஹாசெகுராவின் ஆட்கள்தானா?

மிக நல்ல கேள்வி. முதலில் அந்தத் தரவு எதைச் சொல்கிறது என்பதைப் பார்ப்போம். நகராட்சிகளின் குடியிருப்போர் பதிவேட்டிலிருந்து அது தொகுக்கப்படுகிறது. ஒரு பெயரைத் தேடினால் முதல் பெயராகக் கொண்டோர், இரண்டாம் பெயராகக் கொண்டோர், இரண்டுமே அதுவாக உள்ளோர் என மூன்று எண்ணிக்கைகள் தனித்தனியாக வரும். முதலிரண்டையும் கூட்டி ‘இத்தனை பேர்’ என்று எழுதுபவர்கள், மூன்றாம் வகையினரை இருமுறை எண்ணிவிடுகிறார்கள். மாகாண வரைபடத்தில் நிறத்தின் அடர்த்தி, ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் என்ற விகிதத்தைக் காட்டுகிறது. மிகச் சிறிய எண்ணிக்கைகளைத் தனியுரிமை கருதி வெளியிடுவதில்லை. ஆகவே வெற்றாகத் தெரியும் மாகாணத்தில் ஒருவருமே இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது.

இனி உங்கள் கேள்வியின் உயிர்ப்பகுதி. அந்தப் பதிவேட்டில் ஸ்பானியக் குடிமக்கள் மட்டுமல்லாமல், அங்கே வாழும் வெளிநாட்டவரும் இருக்கிறார்கள். தென்னமெரிக்காவின் எக்குவடோர் நாட்டில், தெற்கே லோஹா மாகாணத்தில் சராகுரோ என்ற பழங்குடியினர் வாழ்கிறார்கள். ஹப்போன் என்பது அவர்களிடையே பரவலாக வழங்கும் குடும்பப்பெயர்களுள் ஒன்று. கடந்த நூற்றாண்டின் இறுதியில் எக்குவடோரில் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து ஏராளமானோர் ஸ்பெயினுக்குக் குடிபெயர்ந்தார்கள்; சராகுரோ மக்களில் பலர் தென்கிழக்கில், குறிப்பாக அல்மெரீயா மாகாணத்தின் வேரா என்ற ஊரில் குடியமர்ந்தார்கள். எனவே செவீயாவுக்கு வெளியே காணும் ஹப்போன்களில் ஒரு பகுதியினர் ஆந்திஸ் மலைத்தொடரிலிருந்து வந்தவர்களாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு. அவர்களைக் கோரியாவோடு இணைக்கும் ஆவணம் எதையும் நான் கண்டதில்லை. பெயர் ஒன்றாக இருப்பதாலேயே கிளை ஒன்றாகிவிடாது. வரைபடத்தோடு பிறந்த நாட்டையும் வைத்துப் பார்க்காமல் இந்தப் பெயரின் பரவலைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளை நம்பாதீர்கள்.

கேள்வி: மரபணுச் சோதனை செய்தால் தீர்ந்துவிடாதா?

தூதுக்குழுவின் நானூறாம் ஆண்டான 2013ஐ ஒட்டி, ஜப்பானிய ஆய்வாளர்கள் கோரியாவில் இந்தப் பெயருடையோரிடம் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். முயற்சி நியாயமானது, ஆனால் அது எவ்வளவு தூரம் பேச முடியும் என்பதற்கு எல்லை உண்டு.

நானூறு ஆண்டுகள் என்றால் ஏறத்தாழ பதின்மூன்று தலைமுறைகள். அந்தப் படியில் ஒருவருக்கு 8,192 மூதாதையர் இடங்கள் உண்டு. அவற்றுள் ஓரிடத்தில் மட்டும் ஜப்பானியர் ஒருவர் இருந்தால், அவருடைய மரபணுத் துணுக்கு எதுவுமே இன்றைய சந்ததியிடம் எஞ்சாமல் போயிருக்கலாம். தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோம் இதைவிடத் தெளிவான சாட்சி. ஜப்பானிய ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் காணப்படும் ‘டி’ என்ற தந்தைவழிக் கிளை ஐரோப்பாவில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கோரியாவின் பழங்குடும்ப ஆண் ஒருவரிடம் அது இருந்தால் வலுவான சான்றாகும். இல்லாவிட்டால்? இடையில் எங்கோ ஒரு மகள் தன் பெயரைப் பிள்ளைகளுக்குத் தந்திருந்தால் போதும், பெயர் தொடர்ந்து வரும், குரோமோசோம் அறுந்துவிடும். மேலே சொன்ன பழைய பெயரிடும் வழக்கத்தில் இது எளிதாக நடந்திருக்கும். ஆகவே ‘இருக்கிறது’ என்ற விடைக்கு மதிப்பு அதிகம். ‘இல்லை’ என்ற விடை கதையைப் பொய்யாக்காது.

கேள்வி: கோரியாவின் குழந்தைகள் இடுப்பில் நீலத் தழும்போடு பிறப்பது ஜப்பானிய இரத்தத்துக்கு அடையாளம் என்கிறார்களே?

அதைச் சான்றாகக் கொள்ள முடியாது. அந்தத் தழும்பு கிழக்காசியரிடம் மிகப் பரவலாகக் காணப்படுவது உண்மை; ஆனால் தென்னிந்தியக் குழந்தைகளிடமும் ஆப்பிரிக்கக் குழந்தைகளிடமும் அது சாதாரணம்; தென்னைரோப்பாவிலும் ஓரளவு உண்டு.

கேள்வி: அந்த ஆற்றுப் பகுதியின் நெல் விவசாயமும் இவர்கள் கொண்டுவந்ததுதானா?

இல்லை. கோரியாவுக்குத் தெற்கே குவாதல்கிவிர் சதுப்பு நிலத்தில் நெல் பெருமளவில் பயிராகத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். வலென்சியா பகுதியிலிருந்து குடியேறிய விவசாயிகளின் உழைப்பு அது. அந்தப் பெருமை அவர்களுக்கே உரியது.

கேள்வி: காலப்போக்கில் இந்தப் பெயர் அழிந்துவிடுமா?

ஸ்பெயினில் பெண்கள் திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. பிள்ளைகளுக்குத் தந்தையின் முதல் பெயரும் தாயின் முதல் பெயரும் சேர்ந்து வருகின்றன. இதனால் ஒரு பெண் தன் பெயரைப் பிள்ளைக்குத் தர முடியும், ஆனால் பழைய முறைப்படி அது இரண்டாம் இடத்தில் நின்று, பேரப்பிள்ளையிடம் மறைந்துவிடும். செவீயாவை உள்ளடக்கிய ஆந்தலூசியப் பகுதியின் அரசில் பண்பாட்டுத் துறையை வகித்த புவியியலாளர் ஹுவான் மனுவேல் சுவாரெஸ் ஹப்போன் பெயரைப் பாருங்கள்: ஹப்போன் தாய்வழியாக வந்து இரண்டாவதாக நிற்கிறது. பழைய வரிசை முறைப்படி அடுத்த தலைமுறைக்குச் செல்வது சுவாரெஸ் மட்டுமே.

1999ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம், பெற்றோர் இருவரும் ஒப்பினால் தாயின் பெயரை முன்னே வைக்க அனுமதித்தது. 2017 முதல் தந்தையின் பெயருக்கு இயல்பான முன்னுரிமையும் நீங்கி, வரிசையைப் பெற்றோரே பதிவின்போது தெரிவிக்கும் நிலை வந்தது. முதல் குழந்தைக்குத் தெரிவு செய்த வரிசையே அதன் உடன்பிறந்தோருக்கும் பொருந்தும். ஆகவே கோரியாவில் பெண்பிள்ளைகள் மட்டும் உள்ள வீட்டிலும் இனி ஹப்போன் முதற்பெயராகத் தொடர வழி உண்டு. அதற்கு முதல் குழந்தையைப் பதிவு செய்யும் நாளிலேயே முடிவெடுக்க வேண்டும்.