பழைய வீடு, சொந்தக் கை: கேள்வி பதில்

ராயபுரத்தில் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை நானும் மனைவியும் அறை அறையாகச் செப்பனிட்டு, அதிலேயே குடியிருக்கிறோம். நான் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன், என்ஜினீயர் இல்லை. சுவர், சுண்ணாம்பு, மரம், தளம், இந்த நாலைப் பற்றிக் கேளுங்கள். ஒரே நிபந்தனை: சுண்ணாம்பில் கை வைக்கிறவர்கள் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். திரும்பத் திரும்பச் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தண்டையார்பேட்டை: மாமனார் காலத்து வீடு. சுவரில் இடுப்பளவுக்கு ஓதம், உப்பு பொரிகிறது. இரண்டு தடவை சிமெண்ட் பூசியாகிவிட்டது, இரண்டு தடவையும் பெயர்ந்துவிட்டது. என்ன செய்யலாம் அண்ணா?

மூன்றாவது தடவை பூசாதீர்கள், அதுதான் முதல் பதில்.

அந்தக் காலத்துச் சுவர் நாட்டுச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். மண்ணில் இருக்கிற ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறிக்கொண்டேதான் இருக்கும். மேலே இருப்பது சுண்ணாம்புப் பூச்சு என்றால், ஏறின ஈரம் அதன் வழியாகவே வெளியேறிக் காய்ந்துவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. ஈரம் வெளியேற இடமில்லாமல் இன்னும் மேலே போகிறது. கூடவே வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சைத் தள்ளிவிடுகிறது. முதலில் முழங்கால் அளவுக்கு இருந்த ஓதம்தான் இப்போது இடுப்புக்கு வந்திருக்கும். மாமியாரைக் கேட்டுப் பாருங்கள்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். பாதி வீடுகளில் சுவரை ஒட்டின சாக்கடையோ, கசிகிற குளியலறைக் குழாயோதான் காரணம். அதைச் சரிசெய்யாமல் சுவரைத் தொடுவது வீண் வேலை.

பிறகு, ஓதம் தெரிகிற கோட்டுக்கு ஓர் அடி மேலே வரைக்கும் சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுங்கள். உளியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேராக அடித்தால் செங்கல்லின் முகமே பூச்சோடு வந்துவிடும். உள்ளே இருக்கிற மெத்தென்ற பாகம் வெளியே தெரிந்தால் அந்தக் கல் அப்புறம் நிற்காது. கல்லுக்கு இடையில் உதிர்கிற சாந்தை அரை அங்குலம் சுரண்டுங்கள். வெளியே வருகிற உப்பைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டிப் பெருக்குங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும்.

அப்புறம் சுவரைச் சும்மா விடுங்கள். ஒரு கோடை முழுக்க வேண்டுமானாலும் விடுங்கள். வருகிறவர்கள் என்ன சுவர் இது என்று கேட்பார்கள், கேட்கட்டும். காய்ந்த பிறகு நீற்றிய (தண்ணீரில் போட்டு வேகவைத்த) சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. கடல் மணல் கூடாது, அதிலேயே உப்பு இருக்கிறது. சுவரை நனைத்துவிட்டு, அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் ஒரு பூச்சு. அது இறுகினதும் அடுத்தது. சட்டென்று காயாமல் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். கடைசியில் வெள்ளையடிப்புதான், பிளாஸ்டிக் பெயிண்ட் இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு.

காசிமேடு: சுட்ட சுண்ணாம்பு வாங்கி வீட்டிலேயே நீற்றலாமா?

செய்யலாம். இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர் நிரப்பி, அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், வெடித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி சூட்டில் உருகிவிடும். பிள்ளைகள் பக்கத்தில் வரக்கூடாது. கண்ணில் பட்டால் குறைந்தது இருபது நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு நேராக எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தேய்க்காதீர்கள். நீற்றினதை மேலே தண்ணீர் நிற்கும்படி மூடி வையுங்கள். நாள் ஆக ஆக வெண்ணெய் மாதிரி வரும்.

பெரம்பூர்: பாட்டி பெயரில் இருக்கிற வீடு. பங்காளிகள் கையெழுத்து இல்லாமல் மாடி எடுக்கலாமா?

வக்கீலைப் பாருங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை: சுவரில் அறைந்த மரச்சட்டத்தின் மேல் போன பழைய ஒயரிங்கை நானே மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன்.

வேண்டாம். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன், சரியான எர்த், மின்கசிவு வந்தால் தானாக அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. உங்கள் கைவேலை சுவரோடு நிற்கட்டும்.

கொருக்குப்பேட்டை: மெட்ராஸ் டெரஸ் வீடு ஐயா. மொட்டை மாடி ஒழுகுகிறது. மேலே இரண்டு அங்குலம் கான்கிரீட் போட்டால் நின்றுவிடும் என்கிறார்கள்.

யார் சொன்னார்களோ அவர்களை அந்தத் தளத்துக்குக் கீழே படுக்கச் சொல்லுங்கள்.

இரண்டு அங்குலக் கான்கிரீட் என்றால் நூறு சதுர அடிக்கு ஒரு டன்னுக்கு மேல் எடை. உங்கள் தளத்தைத் தாங்குவது தேக்குச் சட்டங்கள். அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திக் கோணவாட்டில் சுண்ணாம்பில் கோத்திருக்கிறார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்த தளம், அதன் மேல் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு. ஒழுகும் ஒவ்வொரு தடவையும் ஒரு பூச்சு ஏற்றிக்கொண்டே போனால், ஒரு மழைக்காலத்தில் மொத்தமும் கீழே வரும்.

மழைத் தண்ணீர் போகிற தூம்பு அடைத்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல் இருக்கிறதா, அரசங்கன்று முளைத்திருக்கிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். கன்றை வெட்டினால் மட்டும் போதாது, வேரோடு எடுத்து அந்தக் குழியைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். உடைந்த தட்டோட்டை மட்டும் பெயர்த்து மாற்றுங்கள். இது நீங்களே செய்யக்கூடிய வேலை.

சட்டத்தின் முனை சுவருக்குள் போகும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மரம் முதலில் இற்றுப்போவது அங்கேதான். ஸ்க்ரூ டிரைவர் மரத்துக்குள் இறங்கினால் கையை எடுத்துவிட்டு ஸ்ட்ரக்சரல் என்ஜினீயரைக் கூப்பிடுங்கள். பாரம் தாங்கும் மரத்தை யூடியூப் பார்த்து மாற்றாதீர்கள்.

வியாசர்பாடி, மேஸ்திரி: சார், முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். சிமெண்ட்ல பூசின எத்தனையோ பழைய வீடு நல்லாத்தான் நிக்குது. சுண்ணாம்பு பூச ஆளும் இல்லை, கட்டுப்படியும் ஆகாது. நீங்க எங்க பிழைப்பில் மண்ணைப் போடுறீங்க.

வாங்க மேஸ்திரி. உங்களை மாதிரி ஒருவர் வரவேண்டும் என்றுதான் இருந்தேன்.

நிற்கிற வீடுகள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். மேட்டில் இருக்கிற, ஓதம் ஏறாத சுவர் எதைப் பூசினாலும் நிற்கும். நம் பக்கம் கடலோரம், நிலத்தடி நீரும் கிட்டத்தில். சுண்ணாம்பு நிற்காது என்கிறவர்களுக்கு நான் காட்டுவது 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தை. இந்தியாவில் சிமெண்ட் செய்து பார்த்த ஆரம்ப முயற்சிகளில் ஒன்று 1904இல், அதுவும் இதே மெட்ராஸில், கடல் சிப்பியை வைத்து. அது ஓடவில்லை. அதுவரைக்கும் இந்த ஊர் முழுக்க எதில் நின்றது? பழவேற்காட்டுக் கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பில்.

மறுபடி மேஸ்திரி: ஸ்டேஷன் கதை சரி சார். அதுக்குக் காசு போட கவர்மெண்ட் இருக்கு. ஒரு பூச்சு இறுகுறதுக்கு நான் காத்திருந்தா எனக்கு யார் கூலி குடுப்பா? வீட்டுக்காரர் மூணு நாள்ல முடின்னு சொல்றார்.

இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. சுண்ணாம்பு வேலை பொறுமையைக் கேட்கிறது, தினக்கூலி வேகத்தைக் கேட்கிறது. அதனால்தான் வீட்டில் குடியிருக்கிறவர்களே செய்யட்டும் என்கிறேன். அவர்களுக்குச் சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் கூலி இல்லாத நேரம். உங்கள் பிழைப்பில் மண் விழாது. மரச்சட்டம் மாற்ற, சாரம் கட்ட, விரிசல் விட்ட சுவரை முட்டுக் கொடுத்துப் பிரித்துக் கட்ட நீங்கள்தான் வரவேண்டும்.

புதுவண்ணாரப்பேட்டை: குறுக்கே வருகிறேன், மன்னியுங்கள். என் ஆயா தளம் அடிக்கிற வேலைக்குப் போனவர். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்துக்கொண்டே நகர்வார்களாம், பாட்டுப் பாடிக்கொண்டு. சாகும்வரை மணிக்கட்டு வலி. பழைய வேலை என்று நீங்கள் பெருமை பேசும்போது அவர் கூலியையும் பேசுங்கள்.

பேச வேண்டியதுதான் அம்மா. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து நாள்கணக்கில் அடித்த தளம் அது. அந்தக் கைகளுக்குக் கிடைத்த கூலி அற்பம். நான் மூலையில் இரண்டு சதுர அடி அடிப்பதற்கே தோள் இறங்கிவிடுகிறது. சொந்த வீட்டுக்கு விருப்பப்பட்டு அடிப்பதையும் வயிற்றுக்காக அடித்ததையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். மேஸ்திரி கேட்டதும் நீங்கள் கேட்டதும் ஒரே கேள்விதான்.

மேஸ்திரி: அக்கா சொன்னது கரெக்ட். எங்க அம்மாவும் சித்தாள்தான்.

மாதவரம்: பழைய சுவருக்குச் சிமெண்ட் பூசலாமா?

மேலே படியுங்கள்.

மூலக்கடை: வாட்டர்ப்ரூஃப் சிமெண்ட் என்றால் பரவாயில்லையா?

இன்னும் மோசம். மேலே படியுங்கள்.

திருவொற்றியூர்: கணவரும் நானும் ஓர் அறையை நாங்களே வெள்ளையடிக்க ஆரம்பித்திருக்கிறோம். ஆள் விட்டால் ஒரே நாளில் முடியும், இதில் என்ன கிடைக்கிறது என்று மாமியார் கேட்கிறார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளையடிக்கும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பால் மாதிரி கரைத்த சுண்ணாம்பை அடித்த உடனே சுவர் வெளுக்காது. ஈரத்தில் பழைய கறையெல்லாம் முன்னைவிடப் பளிச்சென்று தெரியும், கெடுத்துவிட்டோமோ என்று தோன்றும். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டு மறுநாள் பார்த்தால் வெளுத்திருக்கும். காற்றில் இருக்கிற கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு அது திரும்பக் கல்லாக மாறிக்கொண்டிருக்கிறது. நாலைந்து கை அடித்த பிறகு வெயில் விழும்போது அந்தச் சுவரில் வருகிற வெளிச்சம் எந்தப் பெயிண்டிலும் வராது.

ஆனால் அது பாதிதான். நாமே சுரண்டினால் வீடு தெரியவருகிறது. எங்கள் வீட்டுக் கூடத்தில் நீலம், அதன் கீழே காவி, அதன் கீழே மறுபடி நீலம். அடுப்படிப் பக்கம் அடைத்துவைத்த மாடக்குழி ஒன்று கிடைத்தது, உள்ளே புகைக்கரி அப்படியே இருந்தது. ஆள் விட்டிருந்தால் அதன் மேலேயே பூசிவிட்டுப் போயிருப்பார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. எந்தச் சுவர் எந்த மழைக்கு வியர்க்கும், எந்தக் கதவு எப்போது இறுகும் என்று இப்போது எனக்குத் தெரியும். வாடகை வீட்டில் இருக்கிற மாதிரி சொந்த வீட்டில் இருந்தவன் நான். இப்போது அப்படி இல்லை. மாமியார் கையிலும் வெள்ளையடிக்கிற மட்டை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். கண்ணாடியோடு.

ஓட்டேரி: மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சுக்கு முட்டை எத்தனை போட வேண்டும்?

அது பளிங்கு மாதிரி மெருகேற்றுகிற கடைசிப் பூச்சுக்கு, வெள்ளைக்கரு மட்டும். கைதேர்ந்த ஆள் இல்லாமல் வராது. முட்டையை வீட்டில் சாப்பிடுங்கள்.

மண்ணடி: சிவப்பு ஆக்சைடு தரை மங்கிவிட்டது. டைல்ஸ் போட்டுவிடலாமா?

ஐயோ, போடாதீர்கள். ஆசிட்டையும் பினாயிலையும் நிறுத்துங்கள். வெறும் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு, துணியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேயுங்கள். எண்ணெய் அதிகமானால் வழுக்கும், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கவனம். விரிசலை அடைத்தால் நிறம் ஒட்டாமல் தனியாகத் தெரியும், தெரியட்டும்.

எண்ணூர்: ரோடு உயர்ந்து உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டது. 2023 டிசம்பர் புயலில் தண்ணீரோடு எண்ணெயும் உள்ளே வந்தது. வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கலாமா?

எண்ணெய் ஏறின பூச்சு தேறாது, கொத்தி எடுத்துவிடுங்கள். எண்ணெய் குடித்த செங்கல்லில் புதுப் பூச்சு பிடிக்காது என்பதால் மோசமான கற்களை மாற்ற வேண்டிவரும். ஜாக்கி வேலை எனக்குத் தெரியாத துறை. சுண்ணாம்புச் சாந்து வீடு என்பதைச் சொல்லி என்ஜினீயரிடம் எழுத்தில் கருத்து வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

செங்குன்றம்: சிமெண்டில் கொஞ்சம் சுண்ணாம்பு கலந்து பூசினால்?

மேஸ்திரி, இதற்கு நீங்களே பதில் சொல்லுங்கள், எனக்கு விரல் வலிக்கிறது.

மேஸ்திரி: ரெண்டுங்கெட்டான் ஆயிடும். ஒண்ணு இது, இல்ல அது.

கொடுங்கையூர்: எந்த மாசம் ஆரம்பிக்கலாம்?

பொங்கல் கழிந்ததும் கொத்த ஆரம்பியுங்கள், சுவர் காய நீளமான வெயில் கிடைக்கும். அக்கினி நட்சத்திரத்தில் பூசாதீர்கள். தளத்தைத் திறக்கிற வேலை எதுவாக இருந்தாலும் புரட்டாசிக்குள் மூடிவிட வேண்டும். ஐப்பசி மழை நமக்காகக் காத்திருக்காது.