பி6 என்ற ஆய்வக எலி இனத்தின் தைமஸ் (நெஞ்சில் உள்ள, டி செல்கள் வளரும் உறுப்பு) கட்டியிலிருந்து வளர்த்த செல்லில் டி.எல். ஆன்டிஜென் (தைமஸ் லுகேமியா ஆன்டிஜென், செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம்) பாசிட்டிவ் வருகிறது. வேறு இன எலியின் செல் கலந்துவிட்டதா?

கலந்திருக்கலாம். அதற்காக இன்றைக்கே ஃப்ளாஸ்க்கை ஆட்டோகிளேவில் போட்டுச் செல்களைக் கொன்றுவிடாதீர்கள். உங்கள் கைடு அப்படித்தான் சொல்லியிருப்பார். என் கைடும் சொன்னார்.

சாதாரண பி6 எலியின் தைமஸ் செல்லில் டி.எல். இருக்காது, ஏ இன எலியில் இருக்கும். அதனால்தான் பாசிட்டிவ் என்றதும் "ஏ செல் புகுந்துவிட்டது" என்று முடிவு கட்டுகிறார்கள். ஆனால் தைமஸில் டி.எல். காட்டாத இனங்களிலும் லுகேமியா வந்தால் சில கட்டிகளில் அது தலைகாட்டும். 1963-இல் இந்த ஆன்டிஜெனைக் கண்டுபிடித்த நியூயார்க் ஸ்லோன்-கெட்டரிங் குழுவே (ஓல்டு, பாய்ஸ், ஸ்டாக்கர்ட்) எழுதிவைத்த சங்கதி இது. மரபணு பி6 எலியிலேயே இருக்கிறது, தைமஸில் அடங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான். அதே எலியின் சிறுகுடல் உட்சுவர் செல்களில் டி.எல். இயல்பாகவே உண்டு.

எங்கள் லேப் மீட்டிங்கில் நான் டி.எல். ஹிஸ்டோகிராமை (எத்தனை செல் எவ்வளவு ஒளிர்கிறது என்று காட்டும் படம்) போட்டதும் கைடு ஒரே வரியில் முடித்தார்: "ஏம்மா, லைன் மிக்ஸ் ஆயிடுச்சு, தூக்கிப் போடு." எனக்குச் சுருக்கென்றது. படத்தில் இருந்தது ஒரே மேடு. மொத்தமும் வலப்பக்கம், அதாவது பாசிட்டிவ் பக்கம், நகர்ந்திருந்தது. பாதி கலந்திருந்தால் இரண்டு மேடு தெரிய வேண்டுமே? சரி, முழுக்கவே ஏ செல்லாக மாறியிருந்தால்? அதற்கு எச்-2 (எலி இனத்துக்கு இனம் வேறுபடும் செல் மேற்பரப்பு மூலக்கூறுகள்) பார்த்தேன். பி6 என்றால் எச்-2கே மூலக்கூறு பி வகை, ஏ என்றால் கே வகை. என் செல்லில் பி மட்டும்தான், அதாவது ஏ செல் இல்லை. டி செல்களில் இருக்கும் தை-1.2 என்ற அடையாளத்தைப் பார்த்தால் போதாதா என்றார் சீனியர் ஒருவர். அது இரண்டு இனத்துக்கும் பொது, பார்த்துப் பிரயோஜனமில்லை. ஆன்டிபாடி சும்மா ஒட்டிக்கொண்டு பொய்யாகப் பாசிட்டிவ் காட்டுகிறதா என்று பார்க்க எஃப்சி பிளாக்கும் ஐசோடைப் கன்ட்ரோலும் போட்டிருந்தேன், கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். சீக்வென்சிங் செய்தாயா என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: எங்களிடம் காசில்லை.

காசு என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த எச்-2 ஆன்டிபாடி கஸ்டம்ஸில் கிடந்து, வந்து சேர்ந்தபோது தெர்மாகோல் பெட்டிக்குள் ஐஸ் பேக் எல்லாம் வெதுவெதுப்பாக இருந்தது. ஃபெலோஷிப் மாதக்கணக்கில் வராத நேரம் அது. வாடகை கேட்கிற ஹவுஸ் ஓனரிடம் "அரியர்ஸ் வரும் அங்கிள்" என்று எத்தனை முறைதான் சொல்வது! இந்த நாட்டில் ஆராய்ச்சி செய் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒரு மாதம் இப்படி இருந்து பார்க்கட்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டெயினிங்கை ஐஸில், அசைடு (மேற்பரப்புப் புரதத்தை செல் உள்ளே இழுக்காமல் தடுக்கும் ரசாயனம்) சேர்த்துச் செய்யுங்கள். 37 டிகிரியில் ஆன்டிபாடி பட்டால் செல் மேலிருந்து டி.எல். மறைந்துவிடலாம். டி.எல்.-க்கு எதிராக இம்யூனைஸ் செய்த எலியில் டி.எல். பாசிட்டிவ் லுகேமியா ஜாலியாக வளர்ந்தது, எடுத்துப் பார்த்தால் நெகட்டிவ். அதையே இம்யூனைஸ் செய்யாத எலிக்கு மாற்றினால் மறுபடி பாசிட்டிவ். ஆன்டிஜெனிக் மாடுலேஷன் என்று பாய்ஸ் குழு பெயர் வைத்தது இதற்குத்தான். எனவே டி.எல்.-ஐக் குறிவைத்து தடுப்பூசி ப்ரொபோசல் எழுதும் யோசனை இருந்தால் முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

நீங்களும் எச்-2 பாருங்கள், ஆனால் முடிவு வரும்வரை கல்ச்சரை ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். கையில் இருக்கும் குறைந்த பாசேஜில் (குறைந்த தடவை மாற்றி வளர்த்த செல்லில்) நாலைந்து குப்பி ஃப்ரீஸ் செய்து, யார் கண்ணிலும் படாத ரேக்கில் வையுங்கள். கைடு கண்ணிலும்தான்.