கைமுதல் இல்லாமல் சில்லறை வியாபாரம்: கேள்வியும் பதிலும்

சிறிய தொகையோடோ ஒன்றுமே இல்லாமலோ சில்லறை வியாபாரம் தொடங்க நினைப்பவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும் இங்கே உள்ளன. எண்கள் கணக்கு புரிவதற்காகத்தான். எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றே.

கேள்வி: ஐயா, கையில் பணமே இல்லை. ஒரு காசும் போடாமல் தொடங்க உண்மையிலேயே முடியுமா?

முடியும். வழிகள் மூன்று. ஆர்டரும் முன்பணமும் வாங்கிய பிறகு சரக்கு எடுப்பது ஒன்று. தயாரிப்பவரிடம் சரக்கை வாங்கி வைத்து, விற்றதற்கு மட்டும் பணம் கட்டி, மிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பது இன்னொன்று. சரக்கையே தொடாமல் வாங்குபவரைக் கொண்டுவந்து கமிஷன் பெறுவது மூன்றாவது. முதல் வழியில் லாபம் அதிகம், பொறுப்பும் அதிகம். மூன்றாவதில் இரண்டுமே குறைவு.

புதியவருக்கு நான் சொல்வது இரண்டாவது வழி. அடுத்தவர் முன்பணம் உங்கள் கையில் இருக்காது, அதனால் தப்பு நடந்தாலும் சரக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வரலாம். பெரிய மொத்த வியாபாரியிடம் இதைக் கேட்டுப் போகாதீர்கள். முகம் தெரியாதவருக்கு அவர் தரமாட்டார். வீட்டிலோ சிறு பட்டறையிலோ பொருள் செய்து, விற்கத் தெரியாமல் வைத்திருப்பவர்களிடம் போங்கள். அவர்களிடமும் முதல் தடவையே 50 உருப்படி கேட்காமல் 5 வாங்கி, சொன்ன நாளில் கணக்கு முடித்துக் கொடுங்கள். மூன்று தடவை அப்படி நடந்தால் 50 தானாக வரும்.

கேள்வி: விற்ற பிறகு பணம் என்று சரக்கு எடுக்கும்போது எழுதிக்கொள்ள வேண்டுமா? வாய்ப்பேச்சு போதாதா?

எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு தாள் போதும், இரண்டு பிரதி. பொருளின் பெயர், எண்ணிக்கை, தயாரிப்பவருக்குச் சேர வேண்டிய தொகை, எத்தனை நாளுக்கு ஒருமுறை கணக்கு, விற்காததை எந்தத் தேதிக்குள் திருப்புவது, கொண்டுவரும் செலவும் திருப்பும் செலவும் யாருடையது. கடைசியாக, உடைந்தாலோ தொலைந்தாலோ யார் பொறுப்பு. சண்டை பெரும்பாலும் வருவது இந்தக் கடைசி வரியில்தான். உங்களிடம் இருக்கும்போது கெட்டுப்போனால் உங்கள் பொறுப்பு என்று ஏற்றுக்கொள்வதே நியாயம். ஆனால் வாங்கும்போதே எண்ணி, பிரித்துப் பார்த்து, ஓட்டை உடைசலைத் தாளில் குறித்துவிட வேண்டும்.

கேள்வி: முன்பணம் எவ்வளவு வாங்கலாம்? பாதி கேட்டால் போதுமா?

அடக்கவிலைக்குக் குறையக் கூடாது. வாங்கிய விலையோடு வண்டிச் செலவு, உடைசல், பை எல்லாம் சேர்த்து ஒரு பொருளுக்கு உங்களுக்கு ஆகும் மொத்தத் தொகைதான் அடக்கவிலை. 100-க்கு விற்கும் பொருளின் அடக்கவிலை 70 என்றால் 70 வாங்குங்கள். 50 வாங்கினால் ஒவ்வொரு ஆர்டருக்கும் 20 உங்கள் பையிலிருந்து போகும். 30 ஆர்டர் சேர்ந்தால் 600. ஆர்டர் கூடக் கூட நெருக்கடியும் கூடும்.

முன்பணத்தைத் தொடுவதற்கு முன், சரக்கு கொடுப்பவரிடம் பொருள் கையிருப்பில் இருக்கிறதா என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். அவர் 5 நாள் என்றால் வாடிக்கையாளரிடம் 9 நாள் சொல்லுங்கள். பொருள் கை மாறும்வரை அந்தப் பணம் வாடிக்கையாளருடையது, தனியாக வையுங்கள். புது ஆர்டருக்கு வந்த முன்பணத்தில் பழைய ஆர்டருக்குச் சரக்கு வாங்குவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். ஒரு வாரம் ஆர்டர் நின்றாலே சங்கிலி அறுந்துவிடும், அதோடு பெயரும் போகும்.

கேள்வி: தெரிந்தவர்களிடம் முன்பணம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, சார்.

கேட்பதற்கு ஒரு காரணம் வைத்துக்கொள்ளுங்கள்: முன்பணம் தந்தவர் நிறத்தை முதலில் தேர்ந்தெடுக்கலாம், அவருக்கு முதலில் கிடைக்கும். விலையைக் குறைத்து முன்பணம் வாங்காதீர்கள். வாங்கிய உடனே தொகையும் தேதியும் எழுதிய சீட்டைக் கொடுங்கள். சீட்டைப் பார்த்தால் கேட்பவர் கூச்சமும் கொடுப்பவர் தயக்கமும் போய்விடும்.

கேள்வி: முதலில் என்ன பொருள் எடுப்பது? துணி வியாபாரம் ஆசையாக இருக்கிறது.

சிறிய முதலுக்கு ஏற்ற பொருள் கெடாது, உடையாது, ஒரே கையில் தூக்கலாம், தீர்ந்ததும் மறுபடி வாங்குவார்கள், அளவு பார்க்க வேண்டியதில்லை. சோப்பு, பேனா, நோட்டு, தையல் நூல், சார்ஜர் கேபிள், துண்டு போன்றவை இந்த வகை.

ஆயத்த ஆடையில் சிக்கல் அளவுதான். ஒரே ஒரு சட்டை மாதிரியை 5 அளவு, 4 நிறத்தில் வைத்தால் 20 உருப்படி ஆகிவிட்டது. நடு அளவுகள் முதலில் போகும், ஓரத்து அளவுகள் தங்கும். பெட்டியில் 6 சட்டை இருக்கும், வந்தவருக்குப் பொருந்துவது ஒன்றும் இருக்காது. லாபம் முழுக்க அந்த ஆறில் உறைந்து கிடக்கும். துணிதான் வேண்டுமென்றால் அளவில்லாதவற்றில் தொடங்குங்கள்: துண்டு, போர்வை, தலையணை உறை, கைக்குட்டை.

கேள்வி: 40-க்கு வாங்கி 50-க்கு விற்கிறேன். ஒன்றுக்கு 10 லாபம் வர வேண்டும். மாதக் கடைசியில் பார்த்தால் பாதிதான் இருக்கிறது. எங்கே போகிறது?

நீங்கள் கொள்முதல் விலையைப் பார்க்கிறீர்கள், அடக்கவிலையைப் பார்க்கவில்லை. 48 உருப்படி உள்ள பெட்டி 1,920 என்று வைத்துக்கொள்வோம், ஒன்று 40. வண்டிச் செலவு 96, ஆக மொத்தம் 2,016. பெட்டியைப் பிரித்தால் 2 உடைந்திருக்கிறது, விற்க மீதி 46. 2,016-ஐ 46-ஆல் வகுத்தால் 43.83. பை ஒன்றுக்கு 1 சேர்த்தால் 44.83. 50-க்கு விற்றால் மிஞ்சுவது 5.17. நீங்கள் தேடும் மற்றப் பாதி போனது வண்டியிலும் உடைசலிலும் பையிலும்தான்.

ஒவ்வொரு பெட்டிக்கும் இந்தக் கணக்கைப் போட்டு, அடக்கவிலையைப் பெட்டியின் மேலேயே எழுதிவிடுங்கள். பேரம் பேசும்போது எந்த விலைக்குக் கீழே இறங்கக் கூடாது என்று தெரிய வேண்டும்.

கேள்வி: 20 சதவீத லாபம் வேண்டும் என்றால் அடக்கவிலையோடு 20 சதவீதம் கூட்டினால் சரிதானே?

சரியில்லை. 80-ல் 20 சதவீதம் கூட்டினால் 96. லாபம் 16, அது விற்பனையில் 16.67 சதவீதம்தான். விற்பனையில் 20 சதவீதம் நிற்க வேண்டுமென்றால் அடக்கவிலையை 0.8-ஆல் வகுக்க வேண்டும்: 80-ஐ 0.8-ஆல் வகுத்தால் 100. வாடகையும் மற்றச் செலவும் விற்பனைப் பணத்திலிருந்து போவதால், லாபத்தையும் விற்பனையின் பங்காகவே பாருங்கள். இனி வரும் பதில்களிலும் லாப சதவீதம் என்றால் அதுதான்.

கேள்வி: 10,000 சேர்த்து வைத்திருக்கிறேன். முழுவதையும் சரக்கில் போட்டால் கடை நிறைந்து தெரியும் அல்லவா?

நிறைந்து தெரியும், ஆனால் இரண்டாவது வாரம் கை கட்டிப்போகும். 6,000-க்குச் சரக்கு எடுங்கள். 1,000 வண்டிச் செலவு, பை, விலைச்சீட்டு வகைக்கு. 3,000-ஐத் தொடாமல் வையுங்கள், அது இரண்டாம் கொள்முதலுக்கு. எது ஓடும் என்று முதல் கொள்முதலில் யாராலும் சொல்ல முடியாது. ஓடும் வகை நான்கே நாளில் தீர்ந்துபோகும், பணமோ ஓடாத வகைகளில் கிடக்கும். அப்போது கையில் 3,000 இருப்பவர் ஓடுகிற சரக்கை மறுபடி நிரப்புவார். இல்லாதவர் கேட்டு வந்த ஆளைத் திருப்பி அனுப்புவார்.

சிறிய முதலுக்கு ஒரே பலம், பணத்தை வேகமாகப் புரட்டுவது, அதாவது சரக்கை விற்று, வந்த பணத்தில் மறுபடி சரக்கு எடுப்பது. 6,000 சரக்கை 20 சதவீத லாபத்தில் விற்றால் 7,500, லாபம் 1,500. அது மாதம் ஒருமுறை புரண்டால் மாதத்துக்கு 1,500. வாரம் ஒருமுறை புரண்டால் நான்கு வாரத்தில் 6,000. முதல் அதே முதல்தான். அதனால், மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்ற ஆசையில் மூன்று மாதச் சரக்கை வாங்கி அடுக்காதீர்கள். கொஞ்சம் விலை கூடினாலும், வாரத்துக்கு ஒருமுறை சிறிதாக எடுப்பதே உங்களுக்குக் கட்டும்.

கேள்வி: கடை வாடகைக்கு எடுக்கலாமா, வீட்டிலிருந்தே விற்கலாமா?

வாடகை 4,000, மின்சாரமும் மற்றதும் 2,000 என்று வையுங்கள். மாதம் 6,000 நிலையான செலவு. 20 சதவீத லாபத்தில் அதை ஈடுகட்ட மட்டும் 30,000 விற்க வேண்டும், 25 நாள் திறந்தால் ஒரு நாளைக்கு 1,200. உங்களுக்கு 6,000 கூலி வேண்டுமென்றால் அது 2,400 ஆகிறது. அதில் பாதியாவது வீட்டிலிருந்தோ, இன்னொரு கடையின் ஓரத்தில் ஒரு அலமாரி வைத்தோ, இரண்டு மாதம் தொடர்ந்து விற்றுக் காட்டிய பிறகு வாடகையைப் பற்றி யோசியுங்கள். முன்வைப்புத் தொகை கொடுப்பதாக இருந்தால் எப்போது, எந்த நிபந்தனையில் திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: கடன் கேட்பவர்களை எப்படிச் சமாளிப்பது? இல்லை என்றால் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள்.

முதல் மூன்று மாதம் யாருக்கும் கிடையாது. 100-க்குக் கொடுத்த சரக்கின் பணம் வராமல் போனால் உங்கள் அடக்கவிலை 80 போய்விட்டது. ஒன்றுக்கு 20 லாபம் என்றால் இன்னும் நான்கு பேருக்கு அதே சரக்கை ரொக்கமாக விற்றால்தான் அந்த 80 திரும்பும். அந்த நான்கு விற்பனையும் உங்களுக்குச் சம்பளம் இல்லாத வேலை.

பிறகு கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் ஆளுக்கு ஒரு வரம்பு, கட்டும் தேதி, அவர் கண் முன்னே நோட்டில் பதிவு. பழையது முடிந்த பிறகே புதியது. எல்லாருடைய பாக்கியையும் கூட்டினால் ஒரு வாரக் கொள்முதல் தொகையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உங்கள் அடுத்த கொள்முதல் அவர்கள் கையில் இருக்கிறது என்று பொருள்.

கேள்வி: தினவசூலுக்குக் கடன் தருகிறார்கள். 10,000-க்கு 9,000 கையில் தருவார்களாம், தினம் 100 வீதம் 100 நாள். வட்டி 10 சதவீதம்தானே?

இல்லை. கையில் வருவது 9,000, கட்டுவது 10,000. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால் சராசரியாக உங்களிடம் இருப்பது அந்த 9,000-ல் பாதி அளவுதான். அதற்கு 100 நாளில் 1,000 வட்டி. ஆண்டுக்கணக்கில் 78 சதவீதம் அளவுக்கு வரும். வாரம் ஒருமுறை புரளும் சரக்கு இதைத் தாங்கக்கூடும். மெதுவாகப் புரளும் சரக்கில் முதலுக்கே மோசம். எப்படியானாலும் வியாபாரம் தொடங்குவதற்காக இதை வாங்காதீர்கள். விற்பனையே இல்லாத நாளிலும் 100 கட்டியாக வேண்டும்.

கேள்வி: மொத்த வியாபாரி 30 நாள் தவணை தருகிறார். 10 நாளில் கட்டினால் 2 சதவீதம் கழிவு. எது நல்லது?

கையில் பணம் இருந்தால் 10 நாளில் கட்டுங்கள். கழிவை விட்டுவிட்டால் 20 நாள் கூடுதல் அவகாசத்துக்கு 98-க்கு 2 வட்டி கட்டியது போல. ஆண்டுக்கணக்கில் ஏறக்குறைய 37 சதவீதம். பணம் இல்லையென்றால் 30 நாளை முழுக்கப் பயன்படுத்துங்கள், 31-வது நாள் ஆகக் கூடாது.

கேள்வி: ஆன்லைனில் விற்கிறேன். ஆர்டர் நிறைய வருகிறது, பணம் நிற்கவில்லை.

திரும்பி வரும் பொருளைக் கணக்கில் சேர்த்தீர்களா? விலை 300, அடக்கவிலை 200, பேக்கிங் 10, அனுப்ப 40. லாபம் 50. அதே பொருள் திரும்பினால் போக 40, வர 40, பேக்கிங் 10, ஆக 90 நஷ்டம். பத்தில் 2 திரும்பினால் எட்டில் வந்த 400-லிருந்து 180 போய் 220 நிற்கும். பத்தில் 4 திரும்பினால் 300-க்கு எதிராக 360, கைநஷ்டம் 60.

பொருள் திரும்புவதைக் குறைக்கப் படத்தையும் விவரத்தையும் திருத்துங்கள். பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள், கைக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம் போடுங்கள், அளவைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள். குறை ஏதாவது இருந்தால் அதையும் படத்திலேயே காட்டுங்கள். பொருள் வந்த பிறகு பணம் என்னும் ஆர்டருக்கு, அனுப்பும் முன் ஒருமுறை கூப்பிட்டு உறுதி செய்யுங்கள்.

கேள்வி: ஆரம்பத்தில் 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்துக் கூட்டம் சேர்க்கலாமா?

20 சதவீத லாபத்தில் 10 கொடுத்தால் லாபம் பாதியாகிறது. முன்பு சம்பாதித்ததையே சம்பாதிக்க இரண்டு மடங்கு உருப்படி விற்க வேண்டும், அதற்குச் சரக்கு வாங்க இரண்டு மடங்கு பணமும் வேண்டும். அது உங்களிடம் இல்லை. தள்ளுபடி கெட்டுப்போகும் தேதி நெருங்கும் சரக்குக்கும் தேங்கிய சரக்குக்கும் மட்டும் இருக்கட்டும்.

கேள்வி: நுழைவுக் கட்டணம் கட்டினால் சரக்குப் பெட்டியும் பயிற்சியும் தருகிறோம், ஆள் சேர்த்தால் கூடுதல் வருமானம் என்கிறார்கள். சேரலாமா?

வேண்டாம். சரக்கு விற்பதைவிட ஆள் சேர்ப்பதில் வருமானம் அதிகம் என்றால் அங்கே விற்கப்படும் சரக்கு நீங்கள்தான்.

கேள்வி: உரிமம், பதிவு எல்லாம் வேண்டுமா?

இடத்துக்கு இடம் மாறும். உள்ளாட்சி அலுவலகத்தில் சரக்கு வாங்கும் முன்பே கேளுங்கள். உண்ணும் பொருள், மருந்து, அழகுப் பொருள், எடைபோட்டு விற்பவை ஆகியவற்றுக்குத் தனி விதிகள் இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றை முதல் சரக்காக எடுக்காமல் இருப்பது எளிது.

கேள்வி: வியாபாரம் நடக்கிறது, கல்லாவில் பணம் வருகிறது. ஆனால் சரக்கு எடுக்கப் போகும்போது பணம் குறைகிறதே?

கல்லாப் பணம் முழுவதும் உங்கள் பணம் என்று நினைத்துச் செலவழிக்கிறீர்கள். மூன்று உறை வையுங்கள். ஒவ்வொரு இரவும் கல்லாவை எண்ணி, அன்று விற்ற பொருள்களின் அடக்கவிலையை முதல் உறையில் போடுங்கள். 1,000 விற்று லாபம் 20 சதவீதம் என்றால் 800 அதில். மீதி 200-ல் செலவுக்கானதை இரண்டாவது உறையில் போட்டு, எஞ்சியதை மூன்றாவதில் வையுங்கள். வீட்டுக்கு மூன்றாவது உறையிலிருந்து மட்டும். கடைப்பொருளை வீட்டுக்கு எடுத்தாலும் அடக்கவிலையைக் கல்லாவில் போட்டுவிட வேண்டும்.

இதற்குப் பிறகும் குறைந்தால் சரக்கை எண்ணுங்கள். ஆரம்ப இருப்பு, வாங்கியது கூட்டல், விற்றது கழித்தல். வர வேண்டிய எண்ணிக்கையும் அலமாரியில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் திருட்டு, உடைசல், எழுதாத கடன், பெட்டி வரும்போதே குறைவு, இவற்றில் ஒன்று. வாரம் ஒரு வகை வீதம் எண்ணினால் கடையை மூட வேண்டியதில்லை.

கேள்வி: மூன்று மாதமாக அசையாமல் ஒரு பெட்டி கிடக்கிறது. நஷ்டத்துக்கு விற்க மனம் வரவில்லை.

முதலில் கொடுத்தவரிடம் வேறு சரக்குக்கு மாற்றித் தருவாரா என்று கேளுங்கள், பிரிக்காத பெட்டி என்றால் பல நேரம் ஒப்புக்கொள்வார். இல்லையென்றால் இடத்தை மாற்றுங்கள், கண் மட்டத்தில், ஓடும் பொருளுக்குப் பக்கத்தில் இரண்டு வாரம். பிறகு ஓடும் பொருளோடு சேர்த்து ஒரே விலை. அதற்கும் அசையாவிட்டால் அடக்கவிலைக்கு, அடுத்த வாரம் அதற்கும் கீழே. வாரம் ஒருமுறை புரளும் சரக்கில் 20 சதவீதம் கிடைக்கிறது என்றால், 1,000 அடக்கவிலைப் பெட்டியை 700-க்குத் தள்ளி அந்த 700-ஐ ஓடும் சரக்கில் போடுங்கள். முதல் வாரம் 875, அதையும் அப்படியே போட்டால் அடுத்த வாரம் 1,093.75. இரண்டே வாரத்தில் போன 300 திரும்பிவிட்டது.