நடுராத்திரியில் 'நீங்கள்தானா?' என்று கேட்கும் போன்

கேள்வி: ராத்திரி பன்னிரண்டரைக்கு என் போனில் 'உள்ளே நுழைய முயல்வது நீங்கள்தானா?' என்று அலுவலகக் கணக்கிலிருந்து ஓர் அறிவிப்பு. இல்லை என்று அழுத்தினேன். மறுபடி வந்தது. இப்படிப் பதினோரு தடவை. தூக்கக் கலக்கத்தில் 'ஆம்' என்று போட்டுத் தொலைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது, ஆனால் போடவில்லை. இது ஏதாவது சாஃப்ட்வேர் கோளாறா சார்?

பதில்: போடாமல் இருந்தீர்களே, அதுவே பெரிய காரியம். இது கோளாறு இல்லை. அந்த அறிவிப்பு பொதுவாக எப்போது வரும் தெரியுமா? யாரோ உங்கள் பாஸ்வேர்டைச் சரியாகப் போட்ட பிறகுதான். (பாஸ்வேர்டே இல்லாத முறைக்கு உங்கள் அலுவலகம் மாறியிருந்தால் கதை வேறு, அங்கே உங்கள் ஈமெயில் முகவரி தெரிந்தாலே போதும்.) அதாவது முதல் கதவை ஒருவன் ஏற்கெனவே திறந்துவிட்டான், இரண்டாவது கதவை நீங்களே திறந்துவிட வேண்டும் என்றுதான் அத்தனை தடவை தட்டியிருக்கிறான். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஒருவன் புகுந்தது இப்படித்தான். அங்கே ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஒருவருக்குத் திரும்பத் திரும்ப அறிவிப்பு போனது, கடைசியில் ஒன்றை அவர் அனுமதித்துவிட்டார்.

இந்தத் தொல்லைக்காகத்தான் 2023 மே மாதம் முதல் மைக்ரோசாஃப்ட் தன் ஆதென்டிகேட்டரில் (உள்ளே நுழைவது நீங்கள்தானா என்று சரிபார்க்கும் போன் ஆப்) வெறும் 'ஆம்' பட்டனை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் திரையில் தெரியும் இரண்டு இலக்க எண்ணைப் போனில் போடச் சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதையும் சுற்றிவர ஒரு வழி இருக்கிறது: 'ஐடியிலிருந்து பேசுகிறேன், கணக்கைச் சரிசெய்ய வேண்டும், 42 என்று போடுங்கள்' என்று யாராவது போன் செய்வார்கள். அந்த எண் உங்கள் கண்முன் இருக்கும் திரையில் தெரிய வேண்டிய எண். எவனோ சொல்லித் தெரிந்துகொள்கிறீர்கள் என்றால், திரை அவன் முன்னால் இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, இப்போது என்ன செய்வது? அலுவலகப் பக்கத்தின் முகவரியை நீங்களே டைப் செய்து திறந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டை வேறெங்கே வைத்திருந்தாலும் அங்கேயும். விடியட்டும் என்று இருக்காமல் ஐடி ஆட்களுக்குத் தகவல் சொல்லி, உங்கள் கணக்கில் திறந்திருக்கும் எல்லா இடங்களிலிருந்தும் வெளியேற்றச் சொல்லுங்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் ஏற்கெனவே உள்ளே நுழைந்த இடம் சில சமயம் திறந்தே கிடக்கும், அதனால்தான் சொல்கிறேன்.

கேள்வி: சிக்னலே இல்லாத இடத்திலும் ஆதென்டிகேட்டர் ஆப் எண் காட்டுகிறதே, எப்படி? எஸ்எம்எஸ் ஓடிபியை விட இது மேலா?

பதில்: அந்த எண் எங்கிருந்தும் வருவதில்லை, உங்கள் போனே கணக்குப் போட்டுக் காட்டுகிறது. ஆரம்பத்தில் ஒரு கியூஆர் கோடை ஸ்கேன் செய்தீர்கள் அல்லவா, அதற்குள் ஒரு ரகசியச் சாவி இருந்தது. அந்தச் சாவி சர்வரிலும் இருக்கிறது. இருவரும் அதையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து ஒரே கணக்கைப் போடுகிறார்கள், 30 வினாடிக்கு ஒருமுறை விடை மாறுகிறது. 2011-ல் வெளியான பொதுத் தரநிலை இது. நேரம்தான் கணக்கின் பாதி என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தாமதமாகப் போகக்கூடாதே என்று போன் கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருந்த ஒரு காலத்தில், காலை முழுக்க 'தவறான எண், தவறான எண்' என்றே வந்துகொண்டிருந்தது. நேரத்தைத் தானியங்கிக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

எஸ்எம்எஸ்ஸில் என்ன சிக்கல் என்றால், உங்கள் பெயரைச் சொல்லி ஒருவன் டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால் ஓடிபி அவனுக்குப் போய்விடும். ஆப்பில் அந்தக் கவலை இல்லை. ஆனாலும் போலிப் பக்கம் ஒன்றில் நீங்களே எண்ணைப் போட்டுக்கொடுத்தால் இரண்டும் ஒன்றுதான். அதற்கும் தப்ப வேண்டுமென்றால் பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதில் உங்கள் போனையோ கம்ப்யூட்டரையோ திறக்கும் கைரேகை, முகம், பின் வைத்தே உள்ளே போகும் முறை. அது பதிவுசெய்த இணைய முகவரிக்கு மட்டும்தான் பதில் சொல்லும், ஓர் எழுத்து மாறின போலிப் பக்கம் உங்களை ஏமாற்றலாம், அதை ஏமாற்றாது. அலுவலகத்தில் அந்த வசதி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மாறிவிடுங்கள்.

கேள்வி: சொந்த போனில் ஆபீஸ் மெயில் போடச் சொல்கிறார்கள். என் போட்டோ, வாட்ஸ்அப் எல்லாம் அவர்கள் பார்ப்பார்களோ?

பதில்: எப்படிப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆண்ட்ராய்டில் 'ஒர்க் ப்ரொஃபைல்' என்று தனி அறை மாதிரி ஒன்று 2014-ல் வந்த 5.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது. அதற்குள் இருக்கும் ஆப்களின் மேல் சின்னதாகக் கைப்பெட்டி அடையாளம் தெரியும். அலுவலகத்தின் அதிகாரம் அந்த அறைக்குள்தான், வேலையை விட்டால் அதை மட்டும் அழிப்பார்கள். ஐபோனிலும் இதுபோல் பிரித்துவைக்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் சில இடங்களில் போனின் மெயில் ஆப்பிலேயே நேராகக் கணக்கைச் சேர்க்கச் சொல்வார்கள், அப்போது ஓர் அனுமதிப் பக்கம் வரும், எல்லோரும் படிக்காமல் 'சரி' அழுத்தும் பக்கம். அதில் 'எல்லாத் தரவையும் அழித்தல்' என்று ஒரு வரி இருந்தால், எல்லாம் என்றால் எல்லாமும்தான், குழந்தையின் போட்டோ உட்பட. அங்கே நிறுத்தி, தனி ப்ரொஃபைல் கிடைக்குமா என்று கேளுங்கள்.

கேள்வி: கைரேகை வைத்திருக்கிறேன், பின் நம்பர் எதுவாக இருந்தால் என்ன?

பதில்: கைரேகை வேலை செய்யாதபோது, போனை அணைத்துப் போடும்போது எல்லாம் பின்தான் கேட்கும். நான்கு இலக்கம் என்றால் 10,000 வாய்ப்பு, ஆறு என்றால் 10 லட்சம். ஆறே வைத்துக்கொள்ளுங்கள், பிறந்த தேதி வேண்டாம். அப்புறம், பூட்டிய திரையிலேயே ஓடிபி முழுசாகத் தெரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள், தெரிந்தால் பின் தெரியாதவனும் படித்துவிடுவான், மறைத்துவிடுங்கள்.

கேள்வி: புது போன் வாங்கி, பழையதை அழித்துத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். ஆதென்டிகேட்டர் காலி. உள்ளேயே போக முடியவில்லை.

பதில்: வரிசை மாறிவிட்டது. முதலில் புது போனுக்கு மாற்றி, அதை வைத்து ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்து, அதன் பிறகுதான் பழையதை அழிக்க வேண்டும். கணக்கு தொடங்கியபோது மாற்று எண்கள் (ஆப் கைவசம் இல்லாதபோது அதன் எண்ணுக்குப் பதில் போடும் பேக்கப் கோடுகள்) என்று சில தந்திருப்பார்கள், எங்காவது எழுதி வைத்திருந்தால் தேடுங்கள். இல்லையென்றால் ஐடி ஆட்களிடம் போய்த்தான் ஆக வேண்டும், நீங்கள்தான் என்று நிரூபிக்கச் சொல்வார்கள், எரிச்சல் படாதீர்கள், கேட்காமல் திறந்துவிட்டால்தான் பயப்பட வேண்டும். புதிதாக வரும் கியூஆர் கோடை 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து கேலரியில் போட்டுவிடாதீர்கள், மேலே சொன்ன ரகசியச் சாவி அந்தப் படத்துக்குள்தான் இருக்கிறது. மாற்று எண்களைக் காகிதத்தில் எழுதி வீட்டு டிராயரில் வையுங்கள்.