மத்திய அமெரிக்கப் பகுதியின் பழைய மாயா நாகரிகம் விட்டுச்சென்ற இடிபாடுகளில் ஒன்றை மட்டுமே பார்க்க முடியும் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

தயங்காமல் கோபானைத்தான் சொல்வேன். ஹோண்டுராஸின் மேற்கு எல்லையோரம் இருக்கும் இவ்விடம் உயரத்தில் குவாத்தமாலாவின் திக்கலோடும், புகழில் மெக்சிகோவின் சிச்சென் இட்சாவோடும் போட்டியிட முடியாது. ஆனால் ஓர் அரச மரபின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் அவர்களே செதுக்கி வைத்த கற்களின் வழியாக இவ்வளவு தெளிவாகப் பின்தொடரக்கூடிய வேறோர் இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

'கியூ' என்று பெயரிடப்பட்ட பலிபீடத்தில் தொடங்குங்கள். கி.பி. 776இல் பதினாறாம் மன்னர் யாக்ஸ் பசாஹ் நிறுவிய அந்தச் சதுரக் கல்லில், பக்கத்துக்கு நால்வராகப் பதினாறு மன்னர்களும் அமர்ந்திருக்க, 426இல் மரபைத் தோற்றுவித்த யாக்ஸ் குக் மோ, மூன்றரை நூற்றாண்டு கடந்து வந்த யாக்ஸ் பசாஹுக்கே நேரடியாக ஆட்சிச் சின்னத்தை நீட்டுகிறார். மாயா எழுத்துகள் படிக்கப்படாத காலத்தில் இதை வானியலாளர்களின் மாநாடு என்று விளக்கிய அறிஞர்களும் உண்டு!

முன்னோரை இப்படிச் சாட்சிக்கு அழைக்க வேண்டிய நெருக்கடி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பெருவெளியில் நிற்கும் சிற்பத்தூண்களுள் பெரும்பாலானவற்றை எழுப்பிய பதின்மூன்றாம் மன்னரை, 738இல், கோபானுக்கு அடங்கியிருந்த கிரிகுவாவின் மன்னர் சிறைப்பிடித்துத் தலையைத் துண்டித்தார். பதினைந்தாம் மன்னர் முடித்த எழுத்துப் படிக்கட்டை, இழந்த மதிப்பை மீட்க எழுதிய நீண்ட விண்ணப்பமாகவே நான் பார்க்கிறேன். ஈராயிரத்துக்கும் மேற்பட்ட சித்திர எழுத்துகள் கொண்ட அதுவே இன்று அறியப்பட்ட மாயா கல்வெட்டுகளில் மிக நீளமானது. மேற்படிகள் சரிந்து, பிற்காலத்தில் வரிசை தெரியாமலே அடுக்கப்பட்டதால், அதன் பெரும்பகுதியை இன்று தொடர்ச்சியாக வாசிக்க இயலாது. மரபின் முடிவோ 'எல்' பலிபீடத்தில் இருக்கிறது. 822ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்லில் ஒரு பக்கத்தைச் செதுக்கி முடித்த சிற்பி, மற்றவற்றை அப்படியே விட்டிருக்கிறார்.

வளாகத்தோடு நின்றுவிடாமல் அங்குள்ள சிற்ப அருங்காட்சியகத்துக்கும் அவசியம் நேரம் ஒதுக்குங்கள். வெளியே நீங்கள் காணும் கியூ பலிபீடம் ஒரு பிரதிதான். மூலக்கல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பதினாறாம் கட்டடத்துக்குள் இடிக்கப்படாமல் புதைக்கப்பட்டு, 1989இல் கண்டெடுக்கப்பட்ட ரோசலிலா கோயிலின் முழு அளவு மாதிரியும் அங்கே சிவப்பு வண்ணத்தோடு நிற்கிறது. மாயர்களின் நகரங்கள் சாம்பல் நிறத்தில் இருந்தன என்ற நம் எண்ணத்தை அது ஒரே பார்வையில் மாற்றிவிடும்.